கருப்பியின் தும்மலுக்குக் காரணம் தேடிய ஓராண்டு

எங்கள் வீட்டு லாப்ரடார் கருப்பிக்கு இருப்பது பருவகால ஒவ்வாமைதான் என்று மருத்துவர் உறுதியாகச் சொல்வதற்குள் ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டது. தும்மும் நாயை வைத்துக்கொண்டு தவிப்பவர்களுக்கு உதவும் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

நாங்கள் கோவையின் புறநகரில் குடியிருக்கிறோம். ஐப்பசி மழை ஓய்ந்து, காலி மனைகளில் பார்த்தீனியம் இடுப்பளவு வளர்ந்து வெள்ளையாகப் பூத்திருந்த சமயம். கருப்பிக்கு அப்போது இரண்டு வயது. காலை நடை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் அடுக்கடுக்காகத் தும்முவாள். மூக்கிலிருந்து தண்ணீராக ஒழுகும். சில நேரம் கழுத்தை நீட்டி, மூச்சை வேகவேகமாக உள்ளே இழுத்து, குறட்டை போன்ற சத்தம் எழுப்புவாள். மூச்சு நின்றுவிடுமோ என்று பதறிப்போவோம்.

வீட்டில் இருக்கும் சளி மாத்திரையில் பாதியைக் கொடுக்கச் சொன்னார்கள் சிலர். நான் கொடுக்கவில்லை. அத்தகைய மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமாலும் மூக்கடைப்பை நீக்கும் மருந்தும் கலந்திருக்கும். நாயின் உடலுக்கு இரண்டுமே ஆபத்தானவை.

முதலில் பார்த்த மருத்துவமனையில் சளி என்று சொல்லி ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். தும்மல் அப்படியே இருந்தது. அடுத்துப் பார்த்த மருத்துவர் உடனே மருந்து எழுதவில்லை. கேள்விமேல் கேள்வி கேட்டார். ஒழுகுவது ஒரு நாசியிலா, இரண்டிலுமா? தெளிவாக இருக்கிறதா, மஞ்சளாகவா? ரத்தம் வந்ததா? பாதத்தை நக்குகிறாளா? செல்பேசியில் பிடித்து வைத்திருந்த காணொளியைக் காட்டினேன். அந்தக் குறட்டைச் சத்தத்தின் பெயர் தலைகீழ்த் தும்மல் என்றும், மூக்கின் பின்பகுதியில் உறுத்தல் ஏற்படும்போது வருவது, பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும் என்றும் விளக்கினார். தயவுசெய்து நீங்களும் காணொளி எடுத்து வையுங்கள். மருத்துவமனைக்குப் போனதும் அந்தச் சத்தம் வருவதே இல்லை.

கேள்விகளின் காரணத்தை அவரே சொன்னார். ஒரு நாசியில் மட்டும் ஒழுகினால் ஊசிப்புல்லின் விதை உள்ளே ஏறியிருக்கலாம், மேல்வரிசைப் பல்லின் வேரில் சீழ் பிடித்திருக்கலாம், பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். வயதான நாய் என்றால் கட்டியையும் நினைக்க வேண்டும். ரத்தம் வந்தால் நம் ஊரில் உண்ணிக் காய்ச்சலை மறக்கவே கூடாது. எர்லிக்கியா என்ற அந்தக் கிருமி ரத்தத் தட்டணுக்களைக் குறைத்துவிடுவதால் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டும். தடுப்பூசி போடாத குட்டிக்குத் தும்மலோடு காய்ச்சலும் சேர்ந்தால் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயா என்று பார்க்க வேண்டும்.

எனக்கு முற்றிலும் புதிதாக இருந்த செய்தி வேறு. மகரந்தம் ஒத்துக்கொள்ளாத மனிதருக்கு மூக்கும் கண்ணும்தான் முதலில் காட்டிக்கொடுக்கும்; நாய்க்கோ பெரும்பாலும் தோல். பாதம், அக்குள், அடிவயிறு, காது ஆகிய இடங்களில் அரிப்பு எடுக்கும். தும்மல் அதோடு சேர்ந்து வரலாம், வராமலும் போகலாம். அரிப்பே இல்லாமல் தும்மல் மட்டும் இருந்தால் ஒவ்வாமை என்று எளிதில் முடிவுகட்ட மாட்டேன் என்றார். பிறகு கருப்பியின் விரலிடுக்கை விரித்துக் காட்டினார். உள்ளே தோல் சிவந்து ஈரமாக இருந்தது. வெள்ளை நாயாக இருந்தால் எச்சில் பட்டுப் பட்டு முடி செம்பழுப்பாக மாறியிருக்கும்; கறுப்பு முடியில் அது கண்ணுக்குத் தெரிவதில்லை.

அதன்பிறகு ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வந்தோம். பல்லையும் வாயையும் பார்த்தார். ரத்தப் பரிசோதனையில் உண்ணிக் காய்ச்சல் இல்லை என்று தெரிந்தது. தெள்ளுப்பூச்சியின் எச்சிலே பல நாய்களுக்கு ஒவ்வாமையைத் தரும் என்பதால் உண்ணிக்கும் தெள்ளுக்கும் சேர்த்து மாத்திரை கொடுத்தார்.

உணவுச் சோதனைதான் எங்களைப் படுத்தி எடுத்தது. எட்டு வாரம் கோழி, பால், தயிர், பிஸ்கட் எதுவும் கூடாது. அவள் அதுவரை சாப்பிட்டிராத மீனும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் மட்டுமே. இடையில் ஒரு துண்டு பிஸ்கட் கொடுத்தாலும் சோதனை கெட்டுவிடும். தயிர்ச்சோறு ஊட்டியே பழகிய என் அம்மாவுக்கு அது பெரும் சோதனையாக இருந்தது. ஆனாலும் உறுதியாக நின்றார். உணவை மாற்றியும் அரிப்பு குறையவில்லை. அதனால் உணவு காரணமல்ல என்று தெரிந்தது.

கடைசியில் கை கொடுத்தது நாட்காட்டி. தும்முவது, பாதத்தை நக்குவது, காதைச் சொறிவது மூன்றையும் தேதி போட்டுக் குறித்து வந்தேன். கோடையில் பக்கங்கள் காலியாகக் கிடந்தன. மறுபடி மழைக்குப் பின், செடி பூத்ததும் நிரம்பத் தொடங்கின. பொங்கலுக்குத் தூத்துக்குடி போயிருந்தபோது குறைந்தது, திரும்பியதும் கூடியது. அதைப் பார்த்த பிறகே மருத்துவர் ஒவ்வாமை என்று எழுதினார். ரத்தத்தில் ஒவ்வாமைச் சோதனை செய்யலாமா என்று கேட்டேன். நோயை உறுதிசெய்ய அது உதவாது, ஒத்துக்கொள்ளாத பொருளையே சிறிது சிறிதாகச் செலுத்தி உடலைப் பழக்கும் தடுப்பாற்றல் ஊசி தொடங்குவதானால், எந்தப் பொருளுக்கு என்று தேர்ந்தெடுக்கவே பயன்படும் என்றார்.

வீட்டில் செய்த மாற்றங்களில் எனக்கு மிகப் பெரிதாகத் தெரிந்தது கொசுவர்த்திச் சுருளை நிறுத்தியது. சாம்பிராணிப் புகையையும் அவள் இருக்கும் அறையில் போடுவதில்லை. தரையோடு மூக்கை வைத்துப் படுக்கும் உயிருக்குப் புகை எவ்வளவு உறுத்தும்! மகரந்தம் இருந்தபடியே இருக்க, இதிலேயே தும்மல் கணிசமாகக் குறைந்தது. நடந்து வந்ததும் நான்கு பாதங்களையும் அடிவயிற்றையும் ஈரத்துணியால் துடைத்து, விரலிடுக்கை உலர்த்துகிறோம். வாரம் ஒருமுறை மருத்துவர் சொன்ன ஷாம்பூவைப் பத்து நிமிடம் ஊறவிட்டுக் குளிப்பாட்டுகிறோம். காலி மனைப் பக்கம் போவதில்லை.

அரிப்பு தாங்க முடியாத வாரங்களில் மருத்துவர் எழுதிக்கொடுத்த, அரிப்பை அடக்கும் ஓக்லாசிட்டினிப் மாத்திரை கொடுக்கிறோம். ஒரே நாளில் நக்குவது நின்றது, விலைதான் அதிகம். ஓராண்டு நிறையாத நாய்க்கும் கடுமையான தொற்று உள்ள நாய்க்கும் அது கூடாது. உண்ணிக் காய்ச்சலை முதலிலேயே விலக்கியது எவ்வளவு நல்லது என்று அப்போது புரிந்தது. ஒவ்வாமைக்கு மனிதர்களும் சாப்பிடும் செட்டிரிசின் மாத்திரை சில நாய்களுக்கே கேட்கும் என்றார் மருத்துவர். எடைக்கேற்ற அளவைக் கணக்கிட்டுக் கொடுத்துப் பார்த்தோம், கருப்பிக்குப் பெரிய பலன் இல்லை.

கருப்பி இன்னும் தும்முகிறாள். ஆனால் உறங்குகிறாள், காதில் புண் இல்லை. எங்கள் தெருவில் சிலர் சேர்ந்து, இந்த முறை பார்த்தீனியம் பூக்கும் முன்பே கையுறை போட்டு வேரோடு பிடுங்குவதாகப் பேசியிருக்கிறோம். அதற்குப் பிறகும் அரிப்பு கூடினால் தடுப்பாற்றல் ஊசியைத் தொடங்குவது என்று மருத்துவரோடு முடிவு செய்திருக்கிறோம்.