பண்ணிட்டு புலம்பல் வேறயா!

செங்கோட்டையில் புனலூர் பஸ் ஏறினேன். இயர்போன் வயர் போய்விட்டதால், சத்தத்தைக் குறைத்து ஸ்பீக்கரிலேயே 'கேர்லஸ் விஸ்பர்' என்ற இங்கிலீஷ் பாட்டைக் கேட்டுக்கொண்டு வந்தேன். புளியரை செக்போஸ்ட் தாண்டியதும் பக்கத்து சீட்டு அண்ணாச்சி, மடியில் இருந்த பூக்கூடையை நகர்த்தி வைத்துவிட்டு, "கல்யாணப் பாட்டா தம்பி? நாயனம் மாதிரி குழையுதே" என்றார்.

"இல்ல அண்ணாச்சி, காதலிக்குத் துரோகம் பண்ணினவன் பாடுறது."

"பண்ணிட்டு புலம்பல் வேறயா!"

அவர் சொன்னதுதான் சரி. ஆனால் அந்தப் புலம்பலை யாருமே கண்டுகொள்ளவில்லை, உலகமே ஸ்டீவ் கிரிகரியின் சாக்சபோனில் விழுந்துவிட்டது. பாட்டைப் பாடிய பிரிட்டிஷ் பாடகர் ஜார்ஜ் மைக்கேல் 17 வயதில், நண்பர் ஆண்ட்ரூ ரிட்ஜ்லியோடு சேர்ந்து எழுதியது. மெட்டு தோன்றியதே பஸ்ஸில், கண்டக்டரிடம் காசை நீட்டும்போது என்று அவரே சொல்லியிருக்கிறார் (அதனால்தானோ என்னவோ எனக்கு இது பஸ்ஸில்தான் ருசிக்கிறது). முதலில் ஜெர்ரி வெக்ஸ்லர் தயாரிப்பில் அலபாமாவில் பதிவு செய்தார்கள், அது பிடிக்காமல் ஜார்ஜ் மறுபடி தானே தயாரித்து 1984-ல் வெளியிட்டார். பிரிட்டனில் 3 வாரம் முதலிடம், அப்புறம் அமெரிக்காவிலும் முதலிடம். அமெரிக்க இசைப் பத்திரிகையான பில்போர்டின் 1985 ஆண்டுப் பட்டியலில் முதல் பாட்டும் இதுதான். இத்தனைக்கும் எழுதியவருக்கு அந்த வரிகள் மேல் பெரிய மரியாதை இருந்ததில்லை. எனக்கும்தான், குற்ற உணர்ச்சியை இவ்வளவு சொகுசாகப் பாடினால் யார் நம்புவது?

ஆரியங்காவில் இறங்குமுன் அண்ணாச்சி கேட்டார், "அந்த ஊதுற இடத்த மட்டும் இன்னொரு தடவ போடுடே."