சாப்பிட்ட பின் இரண்டு மணி நேரம்

கருவூலத்தில் ஆண்டுதோறும் நடக்கும் நேர்காணலில், குடும்ப ஓய்வூதியம் பெறும் பெண்கள் உயிரோடு இருப்பதற்கு மட்டுமல்லாமல் மறுமணம் செய்துகொள்ளவில்லை என்பதற்கும் கையெழுத்துப் போட வேண்டும். அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்த என் கணவர் மறைந்த பிறகு எட்டு முறை அந்த வரியைப் படிக்காமலேயே கையெழுத்திட்டேன். ஒன்பதாம் முறை பேனா அங்கே நின்றுவிட்டது. பின்னால் நின்ற அம்மாள், "மை தீந்துபோச்சா?" என்று தன் பேனாவை நீட்டினார். அன்றைய தேதிக்கு அந்த வரி உண்மைதான் என்பதால் கையெழுத்திட்டுவிட்டு வந்தேன்.

எனக்கு 58 வயது, நான் மணந்துகொள்ளப் போகிறவருக்கு 64. ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்கெழுதியவர் என்பதால் மலையில் எல்லாருக்கும் அவர் 'ரைட்டர்'. எனக்கும் அப்படியே பழகிவிட்டது. மனைவியை இழந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன.

எங்களைச் சந்திக்க வைத்தது சர்க்கரை நோய். சேலம் அஸ்தம்பட்டிப் பக்கம் உள்ள பரிசோதனைக் கூடத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்து, சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் காத்திருந்து மறுபடியும் கொடுக்க வேண்டும். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் வெறும் வயிற்றோடு இறங்கி வந்திருந்த அவர், சிற்றுண்டி முடித்துவிட்டு வந்து புறங்கையில் 10.20 என்று எழுதிக்கொண்டு அமர்ந்தார். சாப்பிட்டு முடித்த நேரத்திலிருந்து அல்ல, முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து கணக்கு என்று நான்தான் சொன்னேன். நம்பாமல் போய் ஊசி போடும் பெண்ணிடம் கேட்டுவிட்டு வந்து, அதை அடித்து 9.55 என்று திருத்தினார். கணக்கில் தப்பிப்போனது அவருக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது. அந்த வருத்தத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கவில்லை.

அதன் பிறகு எங்கள் பரிசோதனைத் தேதிகள் தற்செயலாக ஒன்றாகவே அமைந்தன என்று சொன்னால் யாரும் நம்ப வேண்டாம். ஒரு மார்ச் மாதத்தில், காப்பிச் செடியைப் பூக்க வைக்கும் பூ மழை பெய்த எட்டாம் நாள் கைபேசியில் அழைத்து, "நாளைக்கே வாங்க, மூணு நாள்தான் நிக்கும்" என்றார். போனேன். சில்வர் ஓக் நிழலில் மலைச்சரிவு முழுவதும் காப்பிச் செடிகள் கிளையோடு கிளையாக வெளுத்துக் கிடந்தன. மல்லிகை போன்ற அந்த மணத்தில் பேச்சு நின்றுபோய், இருவரும் கல்திண்ணையில் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். எனக்குத் தெளிவானது அன்றைக்குத்தான்.

வீட்டில் சொன்னபோது மகள் முதலில் கேட்டது, "அம்மா, பென்ஷன் போயிடுமே?" என்பது. அவளைக் குறை சொல்ல மாட்டேன், போகத்தான் போகும். 1856-ஆம் ஆண்டுச் சட்டம் கைம்பெண்ணுக்கு மறுமண உரிமையைக் கொடுத்த கையோடு, மணந்தால் முதல் கணவன் சொத்தில் உரிமை இல்லை என்றும் எழுதி வைத்தது. இன்று என் பெயருக்கு வந்துவிட்ட வீட்டை யாரும் பிடுங்க முடியாது, ஆனால் மாதப் பணம் நின்றுவிடும். அவருடைய மகனின் கவலை வேறு: அவர்கள் கிறிஸ்தவர்கள், தகப்பன் உயில் எழுதாமல் போனால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. அது எனக்கு வேண்டாம் என்று சொல்லி, திருமணம் முடிந்த கையோடு இரண்டு சாட்சிகளை வைத்துப் பிள்ளைகள் பெயருக்கே உயில் எழுதச் சொல்லியிருக்கிறேன். தாலி கட்டாமல் சேர்ந்திருந்தால் ஓய்வூதியம் மிஞ்சுமே என்று யோசனை சொன்ன உறவினரும் உண்டு. அவர்தான் என் மருமகளுக்கு ஒழுக்கம் பற்றி வகுப்பெடுப்பவர்.

எனக்கு உண்மையில் கோபம் வந்தது ஆதரித்தவர்கள் மீதுதான். "கடைசிக் காலத்துல ஒரு டம்ளர் தண்ணி எடுத்துக் கொடுக்க ஆள் வேணாமா, அவருக்கும் நேரத்துக்குச் சாப்பாடு ஆச்சு" என்று அவர்கள் எங்களுக்காக வாதாடினார்கள். ரைட்டர் என்னைவிட நன்றாகச் சமைப்பார். நானோ ரவிக்கை தைத்தும் மாடிப் பகுதியை வாடகைக்கு விட்டும் என்னைப் பார்த்துக்கொள்கிறேன். அவரை எனக்குப் பிடித்திருக்கிறதா என்று இத்தனை பேரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. பிடித்திருக்கிறது. அவர் பேருந்திலிருந்து இறங்குவதைத் தொலைவிலிருந்து பார்க்கும்போது, இந்த வயதில் சொல்லக் கூச்சமாக இருந்தாலும், புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொள்கிறேன்.

இரு மதம் என்பதால் 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தோம். ஆட்சேபம் இருந்தால் சொல்ல ஊராருக்கு 30 நாள் அவகாசம். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுக்குப் பிறகு என் பெயர் ஒரு பலகையில் ஒட்டப்பட்டிருப்பது இதுதான் இரண்டாம் முறை. அவர் போய்ப் பார்த்துவிட்டு, என் தகப்பனார் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருப்பதைக் கண்டுபிடித்துத் திருத்தச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

ஒட்டி இன்றோடு 11 நாள். வரும் திங்கட்கிழமை எங்கள் இருவருக்கும் ரத்தப் பரிசோதனை இருக்கிறது.