பூவின் முதுகைப் பார்க்கப் போனேன்

ஆடி மாதம் சுந்தரபாண்டியபுரம் போகிற எல்லோரும் பூவின் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். நானும் முதல் முறை அப்படித்தான் போனேன். தென்காசியிலிருந்து பஸ் பிடித்து இறங்கியபோது சாரல் விட்டு, வெயில் எட்டிப்பார்த்தது. மேற்கு மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வயல் முழுக்கச் சூரியகாந்தி. மொட்டாக இருக்கும்வரை சூரியனோடு திரும்பும் செடி, பூ முதிர்ந்ததும் கிழக்கு நோக்கியே நின்றுவிடும். அதனால்தான் கிழக்கு வரப்பில் நிற்பவருக்குப் பூவும் மலையும் சேர்ந்தே கிடைக்கின்றன. கேரளத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

வயலுக்குள் ஓர் அம்மா கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, ஒவ்வொரு பூவாகத் தடவிக்கொண்டே நகர்ந்தார். தேனீ போதாத வயலில் இப்படித் தடவி மகரந்தம் சேர்க்காவிட்டால் மணி உள்ளே பருப்பில்லாமல் பொக்காகிவிடும். ஒருநாள் விட்டு ஒருநாள், முற்பகலுக்குள் முடிக்க வேண்டிய வேலை.

“ஓரத்து மஞ்சள் இதழில் விதையே பிடிக்காது, தம்பி. நடுவில் பொடிப்பொடியாக இருக்கிறதே, அத்தனையும் தனித்தனிப் பூ. ஒன்றுக்கு ஒரு விதை” என்றார்.

படம் எடுக்க உள்ளே இறங்கியவர்கள் சாய்த்துவிட்டுப் போன தண்டுகளைக் காட்டினார். எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. அழகு என்று தேடி வந்த பொருளையே காலால் மிதிக்க எப்படி மனம் வருகிறது?

“பூவின் முதுகு மஞ்சளானதும் வாருங்கள், அதுதான் எங்களுக்குக் கணக்கு” என்று அனுப்பிவைத்தார்.

ஆவணியில் மறுபடி போனேன். சாலையில் ஒரு கார் இல்லை. இதழ் உதிர்ந்து, தலை கவிழ்ந்து, பூக்களின் முதுகு எலுமிச்சை நிறத்தில் இருந்தது. எனக்கு இதுதான் அழகாகப் பட்டது. கிளிக் கூட்டம் இறங்கும்போதெல்லாம் அந்த அம்மா தகரத்தைத் தட்டினார். மூன்று மாதப் பயிரில் இந்தக் கடைசி நாட்களில்தான் காவல் அதிகம். அறுத்த பூக்களைக் காயவைத்து, கம்பால் அடித்து, முறத்தில் புடைத்து, விதையை மறுபடி வெயிலில் பரப்பினார்கள்.

வீட்டுத் தேவைக்கான ஒரு மூட்டையோடு எண்ணெய் ஆலைக்கு நானும் போனேன். எக்ஸ்பெல்லரின் இரும்புத் திருகு விதையை நெருக்க நெருக்க, ஒரு பக்கம் அடர்ந்த பொன்னிறத்தில் எண்ணெய் வழிந்தது. மறுபக்கம் புண்ணாக்கு தகடு தகடாக விழுந்தது. வறுத்த கடலையை நினைவூட்டும் வாசம். கடை எண்ணெயில் இது இருக்காது. பிசினையும் நிறத்தையும் வாசத்தையும் நீக்கி, குளிரவைத்து, தோலிலிருந்து வரும் மெழுகையும் வடிகட்டிவிடுகிறார்கள். ஆட்டிய எண்ணெய் குளிரில் லேசாகக் கலங்குவது அந்த மெழுகால்தான். அதைக் கலப்படம் என்று நினைத்துக் கொட்டிவிட வேண்டாம்.

எண்ணெய்க்காக இந்தப் பயிர் 1969இல் ரஷ்யாவிலிருந்து இந்தியாவுக்கு வந்தது. இன்றும் நாம் வாங்கும் சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பங்கு வெளிநாட்டுச் சரக்கு. 2022இல் உக்ரைனில் போர் மூண்டதும் நம் வீட்டு அடுப்படி வரை விலை சுட்டது. தென்காசிப் பக்கம் இத்தனை பாடுபட்டு விளைவிப்பவர்கள் இருக்க, அவர்கள் மூட்டைக்கு நல்ல விலை கிடைக்க வேண்டும் என்று அந்த ஆலை வாசலில் நின்று மனதார நினைத்தேன்.

கசடு தெளிய இரண்டு நாள் வெயிலில் வைக்கச் சொல்லி அந்த அம்மா ஒரு பாட்டில் எண்ணெயை என்னிடம் கொடுத்தார். புண்ணாக்கை மட்டும் ஒரு தூள் விடாமல் கூட்டி அள்ளிச் சாக்கில் கட்டிக்கொண்டார், வீட்டில் சினைமாடு நிற்கிறது என்று.