விஸ்காயா மாளிகை, அட்டையில்: முற்றமும் மேடும் முடிந்தன

மயாமியில் பிஸ்கேன் விரிகுடாக் கரையில் இருக்கும் விஸ்காயா மாளிகையை 1:200 அளவில் அட்டை மாதிரியாகச் செய்துகொண்டிருக்கிறேன். சுவர்கள் எழும்பிவிட்டன. தோட்டத்தின் தரையும் முக்கால்வாசி முடிந்தது. கூரையில் பாதியும், கடலுக்குள் நிற்கும் கல் தோணியும் பாக்கி.

இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் என்ற வேளாண் இயந்திர நிறுவனத்தின் துணைத்தலைவராக இருந்த ஜேம்ஸ் டீரிங், குளிர்காலத்தைக் கழிக்கக் கட்டிக்கொண்ட வீடு இது. 1914இல் வேலை தொடங்கியது. 1916 கிறிஸ்துமஸுக்குக் குடிபுகுந்தார். மயாமியின் மக்கள்தொகையே சுமார் 10,000 ஆக இருந்த அந்தக் காலத்தில் இங்கே 1,000 பேருக்கு மேல் வேலை செய்தார்கள். பஹாமாத் தீவுகளிலிருந்து வந்த தொழிலாளர்கள் அவர்களில் பலர். கட்டடக் கலைஞர் பரல் ஹாஃப்மன். கலை இயக்கம் முழுவதும் பால் சால்ஃபின் கையில் இருந்தது. புதிதாகக் கட்டிய வீடாகவே தெரியக்கூடாது, நூற்றாண்டுக் கணக்கில் ஒரே குடும்பம் வாழ்ந்து, தலைமுறைதோறும் மாற்றியமைத்த இத்தாலிய மாளிகையாகத் தோன்ற வேண்டும் என்பதே அவர்கள் எண்ணம்.

அந்த எண்ணம் எவ்வளவு ஆழமானது என்பது கட்டரைக் கையில் எடுத்தால் தெரியும். ஒரு பக்கத்துக்கு வரைந்த அளவுத்தாள் மறுபக்கத்துக்கு உதவாது. விரிகுடாவைப் பார்க்கும் கிழக்கு முகப்பில் நடுவே மூன்று வளைவுகள், இருபுறமும் மாடங்கள். மேற்கே வாசல் பக்கம் அடக்கமானது. வடக்கில் நீச்சல்குளம் பாதி வெளியிலும் பாதி வீட்டுக்கு அடியிலும் இருக்கிறது. உள்ளே போகும் பகுதிக்கு மேல், ராபர்ட் சான்லர் கடலடி உயிரினங்களை வரைந்த விதானம். அதற்காகவே வடக்குத் தளத்தைக் கழற்றி மாட்டும்படி அமைத்திருக்கிறேன்.

இப்போது அருங்காட்சியகமாக இருக்கும் இந்த மாளிகையைப் பார்க்க வருபவர்கள் பெரும்பாலும் அறைகளையும் அறைகலன்களையும் புகழ்கிறார்கள். என்னைக் கேட்டால் இந்த வீட்டின் உயிர் நடுமுற்றம்தான். நான்கு பக்கமும் தாழ்வாரம், மேலே திறந்த வானம், கிழக்கு வளைவுகள் வழியே கடற்காற்று. ஏர்கண்டிஷனர் வருவதற்கு முன்பு மயாமி வெப்பத்துக்கு இதைவிட நல்ல விடை இருந்திருக்க முடியாது. 1986இல் முற்றத்தைக் கண்ணாடிக் கூரையால் மூடினார்கள். உப்புக் காற்றும் ஈரமும் பழைய துணிகளையும் மரத்தையும் தின்றுவிடும் என்பதால் அருங்காட்சியகத்துக்கு வேறு வழியில்லை, அதை ஏற்கிறேன். மாதிரியில் கண்ணாடிக்கு ஓஎச்பி ஷீட்டை (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) வெட்டி வைத்திருக்கிறேன். ஆனால் அதைத் தனியாக எடுத்துவிடலாம். டீரிங் கண்ட வீட்டைக் காட்ட வேண்டுமானால் முற்றம் திறந்தே இருக்க வேண்டும்.

மனம் நிறைந்த வேலை தெற்குத் தோட்டத்தில்தான். கொலம்பியாவில் பிறந்து ஃபுளோரன்ஸில் பயின்ற டியேகோ சுவாரஸ் வடிவமைத்தது. அவருடைய முதல் திட்டத்தில் வீட்டின் மேடையிலிருந்து பார்வை நேரே தெற்கிலுள்ள ஏரிவரை தடையில்லாமல் ஓடியது. மயாமிக்கு வந்து அந்த மேடையில் நின்றபோது ஏரி நீரில் பட்டுத் தெறித்த வெயில் கண்ணைக் கூசச் செய்தது. திட்டத்தையே மாற்றினார். தோட்டத்தின் எல்லையில் ஒரு செயற்கை மேட்டை எழுப்பி, அதன்மேல் சிறிய மண்டபம் ஒன்றையும் வைத்து நீரை மறைத்தார்.

இதை மேசையிலேயே சோதித்துப் பார்த்தேன். ஏரி இருந்த இடத்தில் வெள்ளிக் காகிதம் விரித்து, தெற்கே சாய்வாக விளக்கை வைத்து, மேடை உயரத்துக்குக் கண்ணைத் தாழ்த்திப் பார்த்தேன். மேடு இல்லாதபோது கீற்றாக ஒளி வந்து கண்ணில் குத்தியது. பின்னால் இருந்த எதுவும் தெரியவில்லை. தெர்மாகோலில் செய்த மேட்டை வைத்ததும் கூச்சம் நின்றது. தோட்டத்தின் வழிகள் ஒவ்வொன்றாகப் புலப்பட்டன. வரைபடத்தில் வெறும் அலங்காரமாகத் தெரிந்த மேடு அது. சுவாரஸ் மேல் எனக்கு மதிப்பு பலமடங்கு கூடிவிட்டது.

கூரை ஓட்டுக்குச் சிறிய பெட்டிகளில் வரும் மெல்லிய நெளி அட்டை சரியாகப் பொருந்துகிறது. மேல்தாளை ஈரப் பஞ்சால் ஒற்றி, ஓரத்திலிருந்து மெதுவாக உரித்தால் நெளிவு வெளியே வரும். ஒரு நெளிவு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். 1:200 அளவில் அது 20 சென்டிமீட்டர் அகல நாட்டு ஓட்டுக்குச் சமம். செங்காவிக்கு மேல் சாம்பல் வண்ணத்தை அரைகுறையாகத் துடைத்தால் பழைய ஓட்டின் நிறம் கிடைத்துவிடுகிறது. ஒரே சீராகப் பூசினால் உயிரே இருக்காது.

அடுத்தது கல் தோணி. கிழக்குப் படித்துறைக்கு எதிரே அலைகளைத் தடுப்பதற்காகக் கட்டி, படகின் உருவம் கொடுத்திருக்கிறார்கள். சிற்பங்கள் அலெக்சாண்டர் ஸ்டர்லிங் கால்டருடையவை. டீரிங் 1925இல் இறந்தார். மறுஆண்டே பெரும்புயல் தோட்டத்தைச் சிதைத்தது. 1952இல் மயாமி வட்டாரத்தின் உள்ளாட்சியான டேட் கவுண்டி வீட்டை வாங்கியது. இத்தனைக்கும் நடுவே தோணி அங்கேயே நின்று உப்புநீரில் அரித்துக்கொண்டிருக்கிறது. அதன் சிற்பங்களைப் புதிதாகவா, இன்றைய தேய்ந்த உருவிலா செய்வது என்று யோசித்து, தேய்ந்த உருவையே செய்வதென முடிவு செய்திருக்கிறேன். சுவர்ப் பட்டியில் உருட்டி, காய்ந்தபின் உப்புத்தாளால் முகங்களை மழுக்கப் போகிறேன்.