படகில் எத்தனை பேர்?

போன முறை ஏறிய டைவிங் படகில் பதினாறு பேர், ரெண்டே கைடு. என் கூட்டத்தில் ஒருத்தர் அரை மணி நேரத்திலேயே காற்றைத் தீர்த்துவிட்டார். கைடு எல்லோருக்கும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டார். மேலே போகணுமாம். என் சிலிண்டரின் அழுத்தத்தைக் காட்டும் கேஜில் இன்னும் 110 பார், பாதிக்கு மேல் காற்று. பவள இடுக்கில் ஒரு ஆக்டோபஸ் அப்போதுதான் பழுப்பிலிருந்து வெள்ளைக்கு மாற ஆரம்பித்திருந்தது. வயிறு எரிந்தது.

அதுக்கப்புறம் 'சின்ன குழு' என்று எந்த டைவிங் கம்பெனிக்காரர் சொன்னாலும் நம்புவதில்லை. தண்ணீருக்குள் ஒரு கைடுக்கு எத்தனை பேர் என்று கேட்பேன். நாலு என்றால் மேற்கொண்டு பேச்சு.

அவர்களும் நம்மைக் கேள்வி கேட்கணும். கடைசியா எப்ப இறங்கினீங்க, நீரோட்டத்தில் பழக்கம் உண்டா, இறங்கினதையெல்லாம் எழுதி வைக்கிற லாக்புக் எங்கே? எரிச்சலாத்தான் இருக்கும். ஆனால் என்னைக் கேட்கிறவர் பக்கத்தில் குதிக்கப்போகிறவரையும் கேட்டிருப்பார் இல்லையா?

நைட்ராக்ஸ், அதாவது ஆக்சிஜன் கூட்டிய காற்று என்றால், அதில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் அனலைசரை நம் கையில் கொடுக்கணும். 32 சதவீதக் கலவைக்கு, ஆக்சிஜனின் பங்கு அழுத்தம் 1.4 பாரைத் தாண்டக்கூடாது என்ற கணக்கில், 33 மீட்டர் சொச்சம்தான் எல்லை. சிலிண்டரில் ஒட்டியிருக்கும் டேப்பில் எழுதின சதவீதத்தை மட்டும் நம்பி அந்த ஆழத்துக்கு யார் போவது?

அவசர முதலுதவிக்கான ஆக்சிஜன் பெட்டி 'இருக்கு' என்பார்கள். திறந்து காட்டச் சொல்லுங்கள். நான் கேட்டபோது ஒரு படகில் அதன்மேல் ஈரத் துண்டுகள் குவிந்து கிடந்தன.

அப்புறம், மேலே வரும்போது இருக்கும் இடம் தெரிய நாம் மிதவையை விட்ட இடத்துக்குப் படகு வருமா, இல்லை நங்கூரம் போட்ட இடத்துக்கு நாம்தான் நீந்தணுமா? முன்பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.