கை நீட்டுவதற்கு முன் கேட்கிறார்கள்

புரசைவாக்கத்தில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை நிலையத்தில் லேப் டெக்னீஷியனாக வேலை பார்க்கிறேன். காலை ஆறரைக்கே ஆட்கள் வந்துவிடுவார்கள். வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்க வருபவர்கள், கர்ப்பிணிகள், கம்பெனியில் மாஸ்டர் செக்கப்புக்கு அனுப்பியவர்கள். எல்லோருக்கும் அவசரம், பாதிப் பேருக்கு ஊசி பயம். என்னைப் பார்த்ததும் சிலருக்கு இன்னொரு பயமும் சேர்ந்துகொள்ளும்.

என் முகத்திலும் கழுத்திலும் கைகளிலும் கட்டிகள் இருக்கின்றன. மிளகு அளவில் நிறைய, சுண்டைக்காய் அளவில் சில. நியூரோஃபைப்ரோமட்டோசிஸ், அதில் முதல் வகை. டாக்டர்கள் சுருக்கமாக என்எஃப் ஒன் என்பார்கள். ஏறக்குறைய 3,000 குழந்தைகளில் ஒன்றுக்கு இது இருக்கிறது. அப்படிப் பார்த்தால் சென்னையில் மட்டும் சில ஆயிரம் பேராவது இருக்க வேண்டும். 17ஆவது குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவில் பழுது. செல்கள் கட்டுமீறிப் பெருகாமல் பிரேக் போடுகிற ஒரு புரதத்தை அந்த மரபணுதான் உருவாக்குகிறது. பிரேக் பிடிக்காமல் போனால் நரம்பைச் சுற்றியுள்ள செல்கள் பெருகித் தோலில் கட்டியாக எழும்பும். 1882லேயே ஃபான் ரெக்லிங்ஹவுசன் என்ற ஜெர்மன் மருத்துவர் இதை விவரமாக எழுதிவிட்டார். மரபணுவைக் கண்டுபிடித்தது 1990ல்தான்.

எனக்கு வயதுக்கு வந்த பிறகு ஒன்றிரண்டாக ஆரம்பித்தது. பையன் வயிற்றில் இருந்தபோது மளமளவென்று கூடிவிட்டது. பலருக்கு அப்படித்தான் ஆகும்.

கை நீட்டுவதற்கு முன்பே நேராகக் கேட்டுவிடுகிறவர்களை எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு பெரியவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டே, "ஏம்மா, இது ஒட்டிக்குமா?" என்றார். "ஒட்டாதுங்கய்யா, பிறவியிலேயே வந்தது" என்றேன். "சரி, அப்ப எடு" என்று கையை மேசைமேல் வைத்தார். அவ்வளவுதான், விஷயம் முடிந்தது. வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் போய் உப்பும் மிளகும் போடச் சொல்கிறவர்கள் மேலும் எனக்குக் கோபம் வந்ததில்லை. நல்லா இருக்கணும் என்ற அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஒன்றும் கேட்காமல் எழுந்துபோய் ரிசப்ஷனில், "வேற யாராவது இருக்காங்களா?" என்று கிசுகிசுப்பவர்கள்தான் வலிக்க வைப்பார்கள். கேட்டிருந்தால் ஒரு வார்த்தையில் பதில் சொல்லியிருப்பேனே.

முன்பு வேலை பார்த்த ஒரு லேபில், இப்படி இரண்டு பேர் முணுமுணுத்ததும் இன்சார்ஜ் என்னை உள்ளே கூப்பிட்டார். "நீ மெஷின் பக்கம் இரும்மா, உனக்கும் அதுதான் நல்லது" என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் 'உனக்கு நல்லது' என்று சொல்லி ஒருவரைக் கதவுக்குப் பின்னால் வைப்பது நியாயம் இல்லை. சென்ட்ரிஃப்யூஜ் சுற்றவும் ரிப்போர்ட் அடிக்கவும் எனக்குத் தெரியும். ஆனால் ஊசி போடுவதில்தான் என் கை தேர்ந்தது. இங்கே சேரும்போதே தெளிவாகச் சொல்லிவிட்டேன்: காலையில் நான் முன்னால்தான் உட்காருவேன், யாராவது வேண்டாம் என்றால் இன்னொருவர் எடுக்கட்டும், நான் வருத்தப்பட மாட்டேன். இந்த ஓனர் ஒத்துக்கொண்டார்.

இந்த வேலையில் விரல்தான் கண். முழங்கை மடிப்பில் ரப்பர் பட்டையைக் கட்டி, ஆள்காட்டி விரலால் அழுத்திப் பார்ப்பேன். ரத்தக் குழாய் மெத்தென்று அமுங்கி, விட்டதும் எகிறி வரும். என் கட்டிகளில் பலவும் தொடுவதற்கு அப்படித்தான். மிருதுவாக இருக்கும், அழுத்தினால் தோலுக்குள் ஒரு பள்ளத்தில் இறங்குவதுபோல் போகும், விட்டால் மேலே வரும். தொந்தரவு கொடுப்பது மணிக்கட்டில் உள்ள ஒன்றுதான். கிளவுஸின் விளிம்பு சரியாக அதன் மேல் வந்து உட்காரும். சித்திரை, வைகாசி வெயிலில் உள்ளே வேர்த்து, அரித்து, உரசி எரியும். அதனால் ஒரு சைஸ் பெரிய கிளவுஸ் வாங்கி, விளிம்பு கட்டிக்கு மேலே ஏறி நிற்கிற மாதிரி இழுத்துவிட்டுக்கொள்கிறேன்.

எடுத்துவிடலாமே என்று கேட்பார்கள். இமையில் இருந்ததையும் பிளவுஸ் கழுத்தில் உரசிக்கொண்டே இருந்ததையும் எடுத்துவிட்டேன். தழும்பு நிற்கும், பக்கத்தில் புதிதாகவும் வரும். எல்லாவற்றையும் எடுத்து முடியாது. 2020ல் அமெரிக்காவில் செலுமெடினிப் என்ற மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. அது உடம்புக்குள்ளே ஆழமாகப் படர்ந்து, அறுவை செய்ய முடியாமல் இருக்கும் கட்டிகளுக்கு. என் தோல் கட்டிகளுக்கு அல்ல. இவை பெரும்பாலும் ஆபத்தில்லாதவை. ஆனால் எந்தக் கட்டியாவது திடீரென்று வேகமாக வளர்ந்தாலோ, கெட்டியானாலோ, ராத்திரி தூங்க விடாமல் வலித்தாலோ ஒருநாள்கூடத் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் ஓட வேண்டும். இந்த நோய் உள்ள பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பும் சிறு வயதிலேயே கூடுதல். அதற்கான பரிசோதனையை நான் தள்ளிப்போடுவதே இல்லை.

ஒருநாள் காய்ச்சலுக்காக ஒரு ஐந்து வயதுப் பாப்பாவைக் கூட்டிவந்தார்கள். ஊதா மூடி டியூபை எடுத்து வைத்துவிட்டுக் கையைத் திருப்பினேன். முன்கையில் பால் நிறைய விட்ட காபி நிறத்தில் ஓரம் தெளிவான திட்டுகள். சட்டைக் கழுத்தை லேசாக விலக்கினால் தோளிலும். அக்குளில் பொடிப்பொடியாகப் புள்ளிகள். "பொறந்தப்பவே இருந்த மச்சம்ங்க, அதிர்ஷ்டம்னு எங்க மாமியார் சொல்வாங்க" என்றார் அம்மா. ஒன்றிரண்டு திட்டு யாருக்கும் இருக்கும். சின்னக் குழந்தைக்கு அரை சென்டிமீட்டருக்கு மேல் ஆறோ அதற்கு மேலோ இருந்தால் டாக்டர் பார்த்தாக வேண்டும்.

நோயைக் கண்டுபிடித்துச் சொல்வது என் வேலை அல்ல, டாக்டருடையது. அதனால் பெயரைச் சொல்லவில்லை. எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் தோல் டாக்டரிடம் இந்தத் திட்டுகளைக் காட்டுங்கள், கண்ணையும் பார்க்கச் சொல்வார்கள், கண் ஆஸ்பத்திரியும் எழும்பூரிலேயே இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அந்தம்மா என் முகத்தையும் கழுத்தையும் பார்த்தார். புரிந்துவிட்டது.

பிறகு அவரே தனியாக வந்தார். உறுதி செய்துவிட்டார்கள். "எங்க ரெண்டு பேருக்கும் இல்லையே, நான் என்ன பாவம் பண்ணேன்?" என்று அழுதார். என் அம்மாவும் இப்படித்தான். கிரகணத்தன்று வெளியே போனதால்தான் எனக்கு இப்படி ஆனது என்று பல வருஷம் தன்னையே நொந்துகொண்டிருந்தாள். இந்த நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பெற்றோரிடமிருந்து வருகிறது. மீதிப் பேருக்குக் கரு உருவாகும் நேரத்தில் தானாகவே நேர்கிறது. யார் செய்ததும் இல்லை, சாப்பிட்டதும் இல்லை. அதை அவருக்கு நிதானமாக விளக்கினேன். மெஷின் அறைக்குள் இருந்திருந்தால் இதைச் சொல்ல நான் அங்கே இருந்திருக்க மாட்டேன்.

போகும்போது, பாப்பாவுக்கு எழுத்து ஏறவில்லை, கவனம் நிற்கவில்லை என்று டீச்சர் அடிக்கிறார் என்றார். அதைக் கேட்டதும் பதறிவிட்டேன். இந்த நோய் உள்ள குழந்தைகளில் பாதிப் பேருக்காவது படிப்பில் சிரமம் இருக்கும். மக்கு என்று முத்திரை குத்தி என்னையும் பெஞ்ச் மேல் ஏற்றினார்கள். ஏன் என்று அப்போது யாருக்கும் தெரியாது. ரத்த அழுத்தம், முதுகெலும்பு, கண் எல்லாம் வருஷாவருஷம் பார்க்கச் சொல்லியிருப்பார்கள், அதோடு பள்ளிக்கூடத்துக்கு டாக்டரிடம் ஒரு கடிதமும் கேட்டு வாங்குங்கள் என்றேன். வாங்கிவிட்டாராம். இப்போது பாப்பா முதல் வரிசையில் உட்காருகிறாள், பரீட்சைக்குக் கொஞ்சம் கூடுதல் நேரமும் தருகிறார்கள்.