புதிய சட்டப் பாடத்துக்கு ஒப்புதல் வாங்கிய அனுபவம்

மதுரையில், தன் பாடத்திட்டத்தைத் தானே வகுத்துக்கொள்ளும் ஒரு தன்னாட்சிக் கலைக் கல்லூரியில் வரலாறு கற்பிக்கிறேன். ‘சட்டமும் மக்களும்’ என்ற பெயரில் பிற துறை மாணவர்களுக்கான விருப்பப் பாடம் ஒன்றை 2024–25 கல்வியாண்டில் தொடங்கினோம். வாரத்துக்கு இரண்டு மணி நேரம், இரண்டு கிரெடிட். அளவில் சிறிய பாடம்தான். ஆனால் துறைக் கூட்டம், பாடத்திட்டக் குழு, கல்விக் குழு என்று எல்லாப் படிகளையும் அது ஏறித்தான் வர வேண்டியிருந்தது. புதிய பாடம் கொண்டுவர விரும்பும் இளம் ஆசிரியர்கள் இதைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

இந்தப் பாடம் ஏன் தேவைப்பட்டது என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மாணவர்களில் பலர் உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் பக்கத்து ஊர்களிலிருந்து பஸ்ஸில் வந்து படிப்பவர்கள். பெரும்பாலும் குடும்பத்தில் முதல் பட்டதாரிகள். வீட்டுக்கு ஒரு நோட்டீஸ் வந்தால் அதை இந்தப் பிள்ளைகளிடம்தான் கொடுத்துப் படிக்கச் சொல்வார்கள். கைப்பேசி திருட்டுப்போனதாகப் புகார் கொடுத்த ஒரு மாணவி, காவல் நிலையத்தில் தந்த சி.எஸ்.ஆர். ரசீதை முதல் தகவல் அறிக்கை என்றே நினைத்துப் பத்திரமாக வைத்திருந்தாள். மனு வந்து சேர்ந்தது என்பதற்கு மட்டுமே அந்த ரசீது சான்று. வழக்குப் பதிவானதற்கு அது சான்று ஆகாது. பட்டப்படிப்பின் இறுதியாண்டில் இருக்கும் ஒருத்திக்கு இந்த வித்தியாசத்தை யாரும் சொல்லித் தரவில்லை என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

துறைக் கூட்டத்தில் எதிர்ப்பு எதுவும் இல்லை. எங்கள் துறைத் தலைவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “மேடம், நீங்கள் விடுப்பில் போனால் இதை யார் நடத்துவது?” புதிய பாடங்கள் பாதியில் நின்றுபோவதற்கு இதுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். ஒருவருடைய ஆர்வத்தில் பாடம் பிறக்கிறது. அவர் வேறு கல்லூரிக்குப் போனதும் பாடத்திட்டப் புத்தகத்தில் பெயர் மட்டும் எஞ்சிவிடுகிறது. அதனால் அரசியல் அறிவியல் துறையிலிருந்து ஓர் ஆசிரியரைச் சேர்த்துக்கொண்டு, இருவர் பெயரிலும் முன்மொழிவை எழுதினோம்.

அடுத்தது பாடத்திட்டக் குழு. பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிப்படி, தன்னாட்சிக் கல்லூரியின் ஒவ்வொரு துறைக்கும் இப்படி ஒரு குழு உண்டு. துறைத் தலைவர்தான் அதன் தலைவர். துறை ஆசிரியர்களுடன் வெளியிலிருந்து இரண்டு பாட வல்லுநர்கள் இருப்பார்கள். முதல்வர் பரிந்துரைக்கும் ஆறு பேரில் ஒருவரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் நியமிப்பார். மாணவர்களின் வேலைவாய்ப்போடு தொடர்புடைய தொழில் துறையிலிருந்து ஒருவரும் முன்னாள் மாணவர் ஒருவரும் இருப்பார்கள். எங்கள் குழுவில் வெளி வல்லுநராகச் சட்டக் கல்லூரியில் நெடுங்காலம் கற்பித்த பேராசிரியர் ஒருவரும், தொழில் துறைப் பிரதிநிதியாக ஒத்தக்கடையில் உள்ள உயர் நீதிமன்றக் கிளையில் வழக்காடும் மூத்த வழக்கறிஞர் ஒருவரும் அமைந்தது எங்கள் நல்ல நேரம்.

ஓர் அறிவுரை. பாடத்திட்டத்தை எழுதுவதற்கு முன்னால் மாதிரி வினாத்தாளை எழுதிவிடுங்கள். ஐந்து அலகுகளுக்குத் தலைப்புகளை அடுக்குவது எளிது. “சட்டத்தின் இலக்கணம், தன்மை, வகைகள்” என்று எழுதிவிடலாம், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். ஆனால் அந்தத் தலைப்பிலிருந்து என்ன கேள்வி எழும்? “சட்டத்தின் வகைகளை விளக்குக” என்பதுதான் எழும். மாணவர் மனப்பாடம் செய்து எழுதிவிட்டு மறந்துவிடுவார். நாங்கள் வினாத்தாளை முதலில் எழுதினோம். “கீழே உள்ள முதல் தகவல் அறிக்கையைப் படித்து, புகார்தாரர், சம்பவ இடம், சம்பவ நேரம், பதிவான நேரம், சட்டப்பிரிவு ஆகியவற்றைக் குறிப்பிடுக. சம்பவத்துக்கும் பதிவுக்கும் இடையிலான தாமதம் ஏன் முக்கியம்?” இப்படி ஒரு கேள்வியை வைத்ததும், அந்த அலகில் என்ன நடத்த வேண்டும் என்பது தானாகத் தெளிந்துவிட்டது.

கூட்டம் 2024 மார்ச்சில் நடந்தது. மூன்று புதிய குற்றவியல் சட்டங்கள் அந்த ஆண்டு ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வரும் என்ற அறிவிப்பு பிப்ரவரி இறுதியில்தான் வந்திருந்தது. இந்தியத் தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா, குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சாட்சியச் சட்டம் போய் பாரதிய சாக்ஷிய அதினியம். எங்கள் இரண்டாம் அலகு முழுக்க இதைச் சுற்றியே இருந்தது. எதை நடத்துவது?

வெளியிலிருந்து வந்த ஒரு வல்லுநர், பழைய சட்டத்தையே வைக்கலாம் என்றார். பாடநூல்கள், தீர்ப்புகள் எல்லாம் பழைய பிரிவு எண்களில் இருக்கின்றன, நூலகத்தில் புதிய சட்டத்துக்கு ஒரு புத்தகம்கூடக் கிடையாது என்பது அவர் வாதம். நியாயமான வாதம்தான். ஜூலைக்குப் பிறகு பழைய எண்ணுக்கு என்ன வேலை என்று எங்கள் துறையின் இளைய ஆசிரியர் கேட்டார்.

சட்டப் பேராசிரியர் எங்கள் முன்மொழிவின் பின்பக்கத்தைத் திருப்பி, பேனாவால் நடுவில் ஒரு கோடு போட்டார். இடப்பக்கம் பழைய பிரிவு எண்களை 302, 420, 144, 154 என்று எழுதினார். வலப்பக்கம் அவற்றுக்கு நேராகப் புதிய எண்கள்: 103, 318, 163, 173. “ஜூலை 1க்கு முன்னால் நடந்த குற்றத்துக்குப் பழைய தண்டனைச் சட்டம்தான். பின்னால் நடந்ததற்குப் புதியது. இரண்டு வகை வழக்குகளும் இன்னும் பல ஆண்டுகளுக்கு ஒரே நீதிமன்றத்தில் ஓடும். பிள்ளைகளுக்கு இரண்டு எண்ணும் தெரிய வேண்டும். ஆனால் எண்ணில் மதிப்பெண் வைக்காதீர்கள்” என்றார். தண்டனைச் சட்டத்தின் 511 பிரிவுகள் புதிய சட்டத்தில் 358 ஆகிவிட்டன, எண்களை மனப்பாடம் செய்யச் சொல்வது வீண் என்பது அவர் கருத்து. அந்தக் கோடு போட்ட தாள்தான் பிறகு பாடத்திட்டத்தின் இணைப்பாகச் சேர்ந்தது. புகார் கொடுத்தவருக்கு முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும் என்பதும், மின்னணு வழியில் கொடுத்த தகவலை மூன்று நாட்களுக்குள் கையெழுத்திட்டு உறுதிசெய்ய வேண்டும் என்பதும் புதிய நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவில் இருக்கின்றன. மாணவர்களுக்கு வேண்டியது இவைதான்.

மூத்த வழக்கறிஞர் பேசிய நேரம் குறைவு. “அம்மா, அரசியலமைப்பின் முகவுரையை முதல் அலகில் வைத்திருக்கிறீர்கள். முகவுரையைப் பள்ளியிலிருந்தே படித்துவிட்டு வருகிறார்கள். இலவசச் சட்ட உதவி ஐந்தாம் அலகில் இருக்கிறது. ஐந்தாம் அலகை நடத்துவதற்குள் செமஸ்டர் முடிந்துவிடும். அதை முன்னால் கொண்டுவாருங்கள்” என்றார். கல்லூரியில் இருப்பவர்களுக்கு இதன் உண்மை தெரியும். சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987இன்படி, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணை அழைத்தாலே வழி சொல்வார்கள். எங்கள் வகுப்பில் இந்த வரையறைக்குள் வராதவர்கள் மிகச் சிலராகத்தான் இருப்பார்கள். இப்போது அதுதான் முதல் அலகு.

சட்டக் கல்லூரிகளில் பாடத்திட்டம் எப்படி உருவாகிறது என்பதையும் அன்று பேராசிரியர் விளக்கினார். அங்கே வழி வேறு. வழக்கறிஞர்கள் சட்டம் 1961 சட்டக் கல்வியின் தரத்தை வகுக்கும் பொறுப்பை இந்திய பார் கவுன்சிலிடம் கொடுத்திருக்கிறது. அதன் 2008ஆம் ஆண்டு விதிகளில் 20 கட்டாயப் பாடங்கள் இருக்கின்றன. அவற்றுடன் நான்கு செய்முறைப் பாடங்கள்: மனுவும் ஆவணமும் வரைதல், தொழில் ஒழுக்கம், மாற்று முறையில் தகராறு தீர்த்தல், மாதிரி நீதிமன்றமும் களப் பயிற்சியும். இவற்றுக்குப் பிறகுதான் விருப்பப் பாடங்கள். தமிழ்நாட்டில் டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் இந்த விதிகளுக்கு உட்பட்டுப் பாடத்திட்டம் வகுக்கிறது. மதுரை அரசு சட்டக் கல்லூரி போன்ற இணைப்புக் கல்லூரிகள் அதை நடத்துகின்றன. ஓர் ஆசிரியர் தனக்குத் தோன்றிய பாடத்தை ஓராண்டுக்குள் வகுப்புக்குக் கொண்டுவருவது அங்கே எளிதில்லை. கலைக் கல்லூரிக்குக் கிடைத்திருக்கும் இந்தச் சுதந்திரத்தின் மதிப்பு எனக்கு அப்போதுதான் முழுதாகப் புரிந்தது.

அந்தச் செய்முறைப் பாடங்களிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டோம். அக மதிப்பீட்டின் 25 மதிப்பெண்ணில் பெரும்பகுதி, மாணவர் தன் கையால் எழுதும் ஆவணங்களுக்கு. தன் ஊராட்சி பற்றித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதி, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, உண்மையாகவே அனுப்ப வேண்டும். 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும் என்பது சட்டம். பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீட்டையும் எழுத வேண்டும்.

பாடத்திட்டக் குழு ஒப்புதல் கொடுத்தது. மே மாதம் கூடிய கல்விக் குழுவில்தான் சிக்கல். கல்விக் குழுவில் முதல்வர் தலைமையில் எல்லாத் துறைத் தலைவர்களும், வெளி வல்லுநர்களும், பல்கலைக்கழகப் பிரதிநிதிகளும் இருப்பார்கள். மறுப்பு எழுந்தது நான்காம் அலகின் மீது. மதுரை வட்டாரத்தில் சட்டம் மக்களைத் தொட்ட நிகழ்வுகள் அதில் இருந்தன. சில சமூகங்களைப் பிறப்பாலேயே குற்றவாளிகளாகக் கருதிக் கைரேகை பதிவுசெய்த ஆங்கிலேயர் காலக் குற்றப் பரம்பரைச் சட்டம், அதாவது இந்தப் பக்கத்து மக்கள் இன்றும் ‘ரேகைச் சட்டம்’ என்று சொல்லும் சட்டம். அதை எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று நடந்த துப்பாக்கிச் சூடு. 1939 ஜூலை 8 அன்று வழக்கறிஞர் வைத்தியநாத அய்யர் தலைமையில் நடந்த மீனாட்சியம்மன் கோயில் நுழைவும், அதில் ஈடுபட்டவர்களைப் பாதுகாக்க அதே ஆண்டில் வந்த சட்டமும். 2006இல் மதுரைக் கிளைக்கு வந்த ஒரு ரேக்ளா பந்தய அனுமதி மனுவில் தொடங்கி, 2014, 2023 உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் வரை போன ஜல்லிக்கட்டு வழக்கு.

“வகுப்பில் எல்லாச் சமூகப் பிள்ளைகளும் இருப்பார்கள். சாதிப் பேச்சு வந்துவிடும்” என்றார் ஒரு மூத்த துறைத் தலைவர். கெட்ட எண்ணத்தில் சொன்னதாக நான் நினைக்கவில்லை. மதுரைப் பக்கம் கல்லூரி நடத்துகிறவர்களுக்கு அந்தக் கவலை இருக்கத்தான் செய்யும். ஆனால் பெருங்காமநல்லூருக்கு அருகிலிருந்தே வருகிற மாணவன், தன் முப்பாட்டன் இரவில் காவல் நிலையத்துக்குப் போய்க் கைரேகை வைத்துப் படுத்த கதையை வீட்டில் கேட்டு வளர்கிறான். அதே விஷயத்தைச் சட்ட வாசகமாகப் படிக்கும் இடம் கல்லூரியாகத்தான் இருக்க முடியும். அதைக் கூட்டத்தில் சொன்னேன்.

கல்விக் குழு ஒரு முன்மொழிவை ஏற்காவிட்டால், காரணத்தைச் சொல்லித்தான் மறுக்கவோ பாடத்திட்டக் குழுவுக்குத் திருப்பியனுப்பவோ முடியும் என்பது விதி. இதை எல்லா ஆசிரியர்களும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். காரணம் எழுத்தில் வேண்டும் என்று எங்கள் துறைத் தலைவர் அந்தக் கூட்டத்திலேயே கேட்டுக்கொண்டார். “நான்காம் அலகுக்கு வாசிப்பு நூல்கள் வரையறுக்கப்படவில்லை” என்று பதிவானது. பொதுவான அச்சமாக இருந்தது, பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வியாக மாறிவிட்டது. பாடத்திட்டக் குழுவைச் சிறப்புக் கூட்டமாகக் கூட்டி, ஒவ்வொரு நிகழ்வுக்கும் படிக்க வேண்டிய மூல ஆவணங்களைக் குறித்தோம். குற்றப் பரம்பரைச் சட்டத்தின் வாசகம், 1939 சட்டத்தின் வாசகம், ஜல்லிக்கட்டுத் தீர்ப்புகளின் தேர்ந்தெடுத்த பத்திகள். ஆசிரியரின் சொந்தக் கருத்துரைக்கு இடமில்லை, ஆவணத்தின் மீதே விவாதம் என்ற குறிப்பையும் சேர்த்தோம். அக்டோபர்க் கூட்டத்தில் ஒப்புதல் கிடைத்தது. மே மாதம் கேள்வி எழுப்பிய அந்தத் துறைத் தலைவரே, தம் துறை மாணவர்களை இந்தப் பாடத்தில் சேரச் சொல்லியிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது.

தீர்மானத்தின் வாசகத்தில் கவனமாக இருங்கள். “பாடம் ஏற்கப்பட்டது” என்ற ஒரு வரி போதாது. பாடக் குறியீடு, கிரெடிட், அக, புற மதிப்பெண் விகிதம், எந்த ஆண்டு சேர்ந்த மாணவர்களுக்கு, எந்தப் பருவம் முதல் என்பதெல்லாம் கூட்டக் குறிப்பில் இருந்தால்தான் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் வேலை நகரும். வினாத்தாள் எடுப்போர் பட்டியலையும் அதே கூட்டத்தில் கொடுத்துவிடுவது நல்லது. சட்டப் பாடத்துக்குத் தமிழில் வினாத்தாள் எடுப்பவரைத் தேடுவது கடினம். எங்களுக்கு வழக்கறிஞர் உறுப்பினர்தான் உதவினார்.

டிசம்பரில் வகுப்பு தொடங்கியது. கணிதம், வணிகவியல், விலங்கியல் மாணவர்கள் வந்து சேர்ந்தார்கள். நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதும் பயிற்சியை மூன்றாம் அலகில் சேர்க்கும்படி அவர்களே கருத்துப் படிவத்தில் கேட்டிருக்கிறார்கள். அந்தத் திருத்தத்தை அடுத்த பாடத்திட்டக் குழுவின் பொருள்நிரலில் வைத்துவிட்டோம். கிழிந்த புடவையை மாற்றித் தர மறுத்த கடை மீது மனு எழுதச் சொல்லும் மாதிரிக் கேள்வியும் அதோடு இணைக்கப்பட்டிருக்கிறது.